ஆற்றுவாய் வெட்டுவதும் கதைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இன்றைய புனைகதையில் இயற்கை பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு வாசித்தேன். மனிதரும் இயற்கையும் ஒன்றில்லாமல் ஒன்றில்லை என்று கட்டுரையாளர் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் எடுத்துக்காட்டும் கதைகளில் மரம் அழுகிறது, ஆறு பேசுகிறது. அந்த ஆற்றை நம்பி யார் வீட்டில் உலை வைக்கிறார்கள் என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

எங்கள் பக்கத்துக் கதைகளும் இப்படித்தான். மட்டக்களப்பு என்றால் பௌர்ணமி, கல்லடிப் பாலம், பாடும் மீன். பாடட்டும், நல்லதுதான். அந்த மீன் பாடுகிற அதே வாவியில் மாரி காலத்தில் நடக்கிற இழுபறியை எழுதத்தான் ஆளைக் காணோம். மழை கொட்டி, உன்னிச்சைக் குளத்தின் வான்கதவும் திறபட்டால், வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையின் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், வேளாண்மை தண்ணீருக்குள் போய்விடும். வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி ஆற்றுவாயைத் திறந்துவிடுங்கள் என்று வயல்காரர் கேட்பார். இப்போதே வெட்டினால் தண்ணீரோடு மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடுமே என்பார் வாவியில் வலை வீசுகிறவர். இரண்டு பேர் சொல்வதும் நியாயம். அதிகாரிகள் கூடிப் பேசி ஒரு வாய்க்கால் அளவுக்கு வெட்டிவிட்டால் போதும், மிச்சத்தை வெள்ளமே அறுத்து அகலமாக்கிக்கொள்ளும். அப்புறம், கடல் தன் பாட்டில் மணலைக் கொண்டுவந்து அடைக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரே குடும்பத்தில் அண்ணன் வயல் செய்து, தம்பி தோணியில் போகிறவராக இருந்தால், வெட்டிய அன்றிரவு அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

யானைக்கும் இதே கதிதான். கதைகளில் அது ஒன்றில் பிள்ளையார், இல்லாவிட்டால் எமன். வெல்லாவெளிப் பக்கம் வந்து பாருங்கள். வீட்டுக்குள் இருக்கிற நெல்மூட்டையின் வாசம் பிடித்து யானை சுவரை இடிக்கிறது. அந்தப் பயத்தில், அறுத்த நெல்லைக் காயவைத்து வைத்திருக்காமல், ஈரத்தோடு வயலிலேயே வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆக, நெல் விலையில் யானைக்கும் ஒரு பங்குண்டு. இதை எந்தக் கதையில் வாசித்தோம்?

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளை அடுக்கும்போது தெய்வம், விலங்கு, மரம், பறவையோடு உணவையும் தொழிலையும் சேர்த்தே சொல்கிறது. நம் எழுத்தாளர்கள் மரத்தையும் பறவையையும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். விமர்சகர்களும் கேட்பதில்லை, வர்ணனை நன்றாயிருந்தால் அவர்களுக்குச் சரி.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருந்தீர்கள். இயற்கையை வயிற்றுப்பாட்டோடு சேர்த்து எழுதிய கதைகள் நாலைந்தையாவது அதில் கட்டுரையாளர் தேடி எடுத்துப் பேசவேண்டும். கிழக்கில் அகப்படாவிட்டால் மலையகத்திலோ தமிழ்நாட்டிலோ பார்க்கட்டும். பெயரும் பதிப்பகமும் போட்டால் நானும் வாங்கி வாசிப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொக்கட்டிச்சோலை.