அபையாங் கிளம்பும் முன் ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

அடுத்த வாரம் கிளம்புகிறேன். நான் போகும் நாட்டின் பெயர் எழுத்தில் கிரிபட்டி, வாயில் கிரிபாஸ். இந்த ஒன்றுகூடத் தெரியாமல்தான் ஆறு மாதத்துக்கு முன்னால், தலைநகரான தராவாவுக்கு வடக்கே இருக்கும் அபையாங் தீவில் ஓராண்டு தன்னார்வச் செவிலியராக வேலை பார்க்கக் கையெழுத்துப் போட்டேன். வரைபடத்தில் பசிபிக்கின் நடுவே புள்ளி புள்ளியாக 33 தீவுகள். அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது.

மெல்பர்னில் தன் சமையலறையைச் சனிக்கிழமைதோறும் எனக்குத் திறந்துவைத்த கிரிபாஸ் அம்மாவுக்கு முதல் நன்றி. உங்கள் மொழியில் 'ஸ' ஒலிக்கென்று தனி எழுத்தே இல்லை, 'டி' என்று எழுதுவதை 'ஸ்' என்று படிக்கணும் என்று நீங்கள் சொன்ன பிறகுதான், 'கிரிட்டிமட்டி' என்று எழுதும் கிரிஸ்மஸ் தீவின் பெயர் எனக்குப் பிடிபட்டது. ஆனால் நீங்கள் மொழியைவிட அதிகம் சொல்லித் தந்தது உட்காரத்தான். தாழம்பாயை விரித்து, காலை மடக்கச் சொன்னீர்கள். பாதம் யாரையும் பார்க்கக் கூடாது. உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால் போகும்போது குனிந்து போகணும். ஊர்க்கூடமான மனியபாவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வழிவழியாக வந்த இடம் உண்டு. அதனால் காட்டிய இடத்தில்தான் அமரணும். அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே என்னை எத்தனை தடவை குனிந்து நடக்க வைத்தீர்கள்! ஊர்ப் பெரியவர்களான உனிமானேக்களைப் பார்க்காமல் மருந்துப் பெட்டியைத் திறக்காதே என்றும் சொன்னீர்கள். அப்படியே செய்கிறேன், அம்மா.

தூத்துக்குடிச் சித்தப்பா, ஜெர்மன் சரக்குக் கப்பலில் கிரிபாஸ் மாலுமிகளோடு வேலை பார்த்ததை இத்தனை வருஷம் நீங்கள் சொன்னதே இல்லையே! அவர்கள் ஊரில் காலையும் மாலையும் தென்னையேறிப் பாளை சீவுவார்கள், மேலே இருந்தபடியே பாடுவார்கள், இறக்கியதைப் பிள்ளைகளுக்கும் கொடுப்பார்கள், காய்ச்சினால் பாகு. "நம்ம ஊர்ல பனை, அங்க தென்னை. போயி கரேவே குடிச்சுப் பாரு, பதநீ ஞாபகம் வரும்" என்றீர்கள். எனக்கிருந்த பயத்தில் பாதி அந்தப் பேச்சிலேயே போனது.

ஏற்கெனவே அங்கே இருந்துவிட்டு வந்த செவிலியர் அக்காவுக்கும் கடன்பட்டிருக்கிறேன். சர்க்கரை நோய் பற்றி நான் தயாரித்து வைத்திருந்த பாடத்தைப் பொறுமையாகப் படித்தீர்கள். "பபாய்க் குழியை முதலில் போய்ப் பார்" என்று மட்டும் சொன்னீர்கள். நிலத்தடி நன்னீர் எட்டும் வரை தோண்டி, இலைதழை எருவிட்டு, ஆண்டுக்கணக்கில் வளர்க்கும் பெரிய சேம்பு அது. பெரும்பாலும் 3 மீட்டர்கூட எழாத மண்ணில், உப்புநீருக்கு மேல் மெல்லிய படலமாக மிதப்பதுதான் அந்த நன்னீர். பேரலை ஏறிவந்தால் கிணறும் கெடும், குழியும் கெடும். பிறகு கப்பலில் வரும் அரிசியும் மாவும் சீனியும்தான் கதி. இது தெரியாமல் "சோற்றைக் குறையுங்கள்" என்று போய் நின்றிருப்பேன். அந்தப் பாடத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன், அக்கா. கிணற்று நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க மாட்டேன் என்ற வாக்கும் நினைவிருக்கிறது.

வேலைநேரத்தை மாற்றிக்கொண்டு எனக்குச் சனிக்கிழமைகளை விட்டுத்தந்த வார்டு தோழிகளே, உங்களுக்கும்.

ஒருவருக்கு நன்றி சொன்னால் 'கோ ரப்பா', பலருக்கு என்றால் 'கம் ரப்பா' என்று அம்மா திருத்தியிருக்கிறார்.

கம் ரப்பா.

உங்கள் அன்புச் செவிலி