நாலு அடுப்பு, எட்டுப் பேர்

பள்ளத்தூர் (காரைக்குடி பக்கம்)

அன்பு மகளுக்கு,

சமையல் வகுப்புக்கென்று நீ அனுப்பிய பட்டியலை உன்னைப் பெற்ற அப்பச்சி பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தார்கள். 14 பேர், 11 பதார்த்தம், மூன்று மணி நேரம். கல்யாண வீட்டுச் சமையல்காரரிடம் கொடுக்க வேண்டிய பட்டியலை என்னிடம் கொடுத்திருக்கிறாய்.

உன் ஆபீஸ் சிநேகிதர்கள் சிங்கப்பூரிலிருந்து நம் வீட்டுக்கு வந்து சமையல் கற்றுக்கொள்ள ஆசைப்படுவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வந்து சாப்பிட்டுப் போவது வேறு, கற்றுக்கொண்டு போவது வேறு. சாப்பிட மட்டும் என்றால் 40 பேர்கூட வரட்டும், பந்தி போட்டுவிடலாம். கற்றுக்கொள்ள என்றால் ஒரு நாளைக்கு 8 பேர், அதற்கு மேல் வேண்டாம்.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பாய். வெள்ளைப் பணியாரத்தையே எடுத்துக்கொள். நம் அளவைப் பாத்திரமான ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் நிற்கிறமட்டும் உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் அதுதான் அளவு. இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். வெண்ணெயாக ஆட்டி, உப்பும் ஒரு சிட்டிகைச் சீனியும் கொஞ்சம் பாலும் சேர்த்து, புளிக்கவிடாமல் அன்றைக்கே ஊற்ற வேண்டும். ஒரு கரண்டி மாவை எண்ணெயின் நடுவில் விட்டால் அடியில் போய், தானாக மேலே வந்து, ஓரம் சின்னதாக மடிப்பு விழும். அப்போது திருப்ப வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தாலும் சிவந்துவிடும், சிவந்தால் அது வெள்ளைப் பணியாரம் இல்லை. இதில் சட்டிக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஓர் ஆழாக்கு அரிசிக்குச் சுமார் 15 வரும். ஒரே சட்டியைச் சுற்றி 14 பேர் நின்றால் இரண்டு பேர் ஊற்றுவார்கள், மற்றவர்கள் போன் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அதனால் நான் யோசித்திருப்பது நாலு அடுப்பு, அடுப்புக்கு இரண்டு பேர். ஓட்டல்களில் செய்வதுபோல மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர் சமைக்க, இந்தப் பக்கம் எல்லோரும் வேடிக்கை பார்ப்பது நம் வீட்டில் வேண்டாம். நம் வீடு கட்டியதே பல அடுப்பு எரிவதற்குத்தானே. அந்தக் காலத்தில் கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் பிள்ளையையும் மருமகளையும் வேறு வைப்பார்கள். ஒரே வீடு, முற்றத்தைச் சுற்றிய ஒரே வளவு, உலை மட்டும் தனி. வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று அளந்து கொடுத்துவிடுவார்கள், அதற்குள் குடித்தனம் நடத்த வேண்டும். நான் சமையல் கற்றது அப்படித்தான். உன் அப்பத்தா எதிர் அடுப்பில் அவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே, "புளி இன்னும் பச்சை வாசம் அடிக்குது" என்பார்கள். அவ்வளவுதான். எழுந்து வந்து என் கரண்டியை வாங்கிக் கிளறியதே கிடையாது. உன் சிநேகிதர்களுக்கும் நான் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். தீய்ந்தால் தீயட்டும், அவர்கள் அடுப்பு.

நாலு அடுப்பிலும் ஒரே பதார்த்தம், ஒரே நேரத்தில். முதலில் வெண்டைக்காய் மண்டி. அரிசி களைந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவது தண்ணீரைக் கெட்டியாக எடுத்து அதில் புளியை ஊறவைப்பதிலிருந்து அவர்களே செய்ய வேண்டும். நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், முழுப் பூண்டு, கீறிய பச்சை மிளகாய். மசாலாப் பொடியும் கிடையாது, தேங்காயும் கிடையாது. வெண்டைக்காயைப் பிசுக்குப் போகிறவரை வதக்கினார்களா, அவசரப்பட்டுப் புளியை ஊற்றினார்களா என்பது கொதி வந்ததும் தெரிந்துவிடும். கடைசியில் நாலு சட்டியிலும் ஆளுக்கொரு கரண்டி ருசி பார்க்கட்டும். ஒரே காய், ஒரே புளி, நாலு ருசி இருக்கும். ஏன் என்று அவர்களுக்குள்ளேயே பேசிக்கொள்வார்கள் பார். நான் நாலு நாள் பேசினாலும் புரியாதது அதில் புரிந்துவிடும்.

பட்டியலில் முதலில், அடிக்கோடு போட்டு, "செட்டிநாடு சிக்கன்" என்று எழுதியிருக்கிறாய். ஊர் ஊராக ஓட்டலில் எண்ணெய் மிதக்கச் சிவப்பாக எதை வைத்தாலும் நம் ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள், அந்தக் கோபம் எனக்கு உண்டு. சரி, ஆசைப்பட்டு வருகிறார்கள், கோழி மிளகு வறுவல் வைப்போம். ஆனால் பொட்டலப் பொடி வீட்டுக்குள் வரக்கூடாது. மிளகு, சோம்பு, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு எல்லாவற்றையும் தனித்தனித் தட்டில் வைத்துவிடுகிறேன். அவர்களே வறுத்து அம்மியில் பொடிக்கட்டும். கல்பாசியை மட்டும் தாளிக்கும்போது எண்ணெயில் போடச் சொல்வேன். கையில் எடுத்தால் மரப்பட்டைச் சருகு மாதிரி, வாசமே பெரிதாக இருக்காது. சூட்டில் விழுந்ததும்தான் அது வாயைத் திறக்கும். ஒரு சட்டிக்கு இரண்டு விரலால் கிள்ளுகிற அளவு, கூடினால் கசக்கும்.

இந்த வறண்ட பூமியில் கிராம்பும் அன்னாசிப்பூவும் எங்கே விளைந்தது என்று யாராவது கேட்டால் அப்பச்சி பதில் சொல்லட்டும், அவர்களுக்கும் ஒரு வேலை வேண்டாமா. நம்மவர்கள் தொழில் செய்யப் போன பர்மா, மலேயா, சிலோன் என்று ஆரம்பித்து 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தது வரைக்கும் வந்துதான் நிறுத்துவார்கள். அந்தக் கதை ஓடுகிற நேரத்தில் கறுப்புக் கவுனி அரிசியைக் காட்டிவிடலாம், அதுவும் பர்மாவிலிருந்து நம்மோடு வந்ததுதானே. கவுனியை மட்டும் நான் வைத்துவிடுகிறேன். முந்தின ராத்திரியே ஊறப்போட்டுக் காலையில் வெகுநேரம் வேக வேண்டியது, வகுப்பு நேரத்துக்குள் அடங்காது. ஊறின தண்ணீர் கருநீலமாக இருப்பதைக் காட்டி, அந்தத் தண்ணீரிலேயே வேகவைப்பதைச் சொல்லி, சீனியும் நெய்யும் தேங்காய்ப்பூவும் கிளறுகிற வேலையை அவர்களிடம் கொடுத்தால் போதும்.

ஆக மண்டி, கோழி, பணியாரம், கவுனி. தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையலும் சாதம், ரசமும் என் பொறுப்பு. பட்டியலில் உள்ள கந்தரப்பம், சீயம், மனகோலம், இன்னும் என்னென்னவோ எல்லாம் அடுத்த வருகைக்கு இருக்கட்டும்.

14 பேரையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்றால் முதல் நாள் 8, மறுநாள் 6. வகுப்பு இல்லாதவர்கள் அன்றைக்கு ஆத்தங்குடி போய், கண்ணாடி மேல் சாயம் ஊற்றித் தரைக்கல் செய்வதைப் பார்த்துவிட்டு, மதியம் காரைக்குடியில் ‘பங்களா’ ஓட்டலில் முன்கூட்டிச் சொல்லிவைத்து இலைச்சாப்பாடு சாப்பிடட்டும். திருச்சியில் இறங்கினால் இங்கே சுமார் 90 கிலோமீட்டர்தான். இறங்கிய அன்றைக்கே வகுப்பு வைக்காதே, தூங்கி விழுகிறவர்களைக் கொதிக்கிற எண்ணெய் பக்கத்தில் நிறுத்த முடியாது.

வருஷக் கடைசி என்று சொன்னாய். மழை விட்டிருக்கும், வெயிலும் இருக்காது, நல்ல நேரம்தான். பிள்ளையார் நோன்பு எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடு. திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள், உனக்குத் தெரியாததா. அன்றைக்கு நோன்பு இழை எடுக்கிற வீட்டில் கோழி வறுக்க முடியாது.

பெரியப்பச்சியிடம் நான் பேசிவிட்டேன். வீடு நாலு பங்காளிக்கும் பொது, சொல்லாமல் ஒரு காரியமும் செய்யக்கூடாது. தாராளமாகச் செய்யுங்கள் என்றார்கள். முன்னோருக்குப் படைப்பு நடக்கிற வீடு, கறிச் சமையல் பின்கட்டோடு நிற்க வேண்டும் என்று ஒன்று மட்டும் சொன்னார்கள். நியாயம்தான். எனக்கும் அது வசதி. மண்டியும் பணியாரமும் இரண்டாங்கட்டுத் தாழ்வாரத்தில், கோழி பின்கட்டில். முற்றத்தில் அடுப்பு வைத்தால் போட்டோவுக்கு அழகாக இருக்கும் என்று நீ எழுதியிருக்கிறாய். காற்றில் அடுப்பு நிற்காது, அது வேண்டாம். வளவுக்குள் எண்ணெய்ச் சட்டியே கூடாது. ஆத்தங்குடிக் கல்லில் இரண்டு சொட்டு எண்ணெய் விழுந்தால் யார் வழுக்குவார்கள் என்று சொல்ல முடியாது. பருத்தி உடுப்பு, துப்பட்டா இல்லாமல், தலைமுடியைக் கட்டிக்கொண்டு வரச் சொல்.

மலாய்ப் பெண் ஒருத்தி வருகிறாள் என்றாயே, ஹலால் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கோழி எப்போதும் வாங்குகிற பாய் கடையிலேயே வாங்கிவிடலாம். சைவக்காரர்கள் இரண்டு பேரையும் ஓர் அடுப்பில் சேர்த்து, அதே மசாலாவில் உருளைக்கிழங்கு வறுவல் செய்யச் சொல்கிறேன். அவர்கள் அடுப்பு, கரண்டி, சட்டி எல்லாம் தாழ்வாரத்திலேயே இருக்கும், பின்கட்டுப் பாத்திரம் எதுவும் கலக்காது.

இப்போது பணம். "அம்மா வீடு, காசெல்லாம் எதற்கு" என்று அவர்களிடம் சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறாய். அதை இன்றைக்கே மாற்றிச் சொல்லிவிடு. எனக்கு ஒரு பைசா வேண்டாம். ஆனால் கூடமாட ஒத்தாசைக்கு இரண்டு பேர் விடியற்காலையிலிருந்து நிற்பார்கள். ஒருவர் மாவாட்ட, ஒருவர் பாத்திரம் கழுவ. நாலு அடுப்புக்குப் பாத்திரம் கழுவுவது எவ்வளவு பெரிய வேலை என்று உனக்கு மறந்திருக்கும். அவர்கள் சம்பளம், சாமான், சிலிண்டர் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு ஆளுக்கு இவ்வளவு என்று அப்பச்சி எழுதி அனுப்புவார்கள். பாதியை முன்பணமாக வாங்கிவிடு. முன்பணம் கொடுத்தவர்கள்தான் வருவார்கள், கொடுக்காதவர்கள் கடைசி நாளில் காய்ச்சல் என்பார்கள்.

திரும்பிப் போகும்போது ஆளுக்கொரு ஓலைக் கொட்டானில் கல்பாசியும் மராட்டி மொக்கும் போட்டு, கூடவே ஓர் ஆழாக்கும் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அளவையெல்லாம் கிராமில் எழுதித் தரச் சொல்கிறாய். எழுதித் தருகிறேன், ஆனால் ஆழாக்கு கையில் இருந்தால் தராசே தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைக் கேட்டு எழுது. யாருக்காவது வேர்க்கடலை, முந்திரி, பால் ஒத்துக்கொள்ளாதா? நம் வீட்டில் பொரிப்பதெல்லாம் கடலை எண்ணெயில். ஒருவருக்கு ஆகாது என்றாலும் சட்டி, கரண்டி, எண்ணெய் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், அதைக் கடைசி நாளில் சொன்னால் என்னால் முடியாது. செக்கில் எண்ணெய்க்கு இன்னும் சொல்லவில்லை, உன் பதில் வந்த பிறகுதான் சொல்வேன். வருகிற எல்லோரையும் தனித்தனியாகக் கேள், பொதுவாகக் கேட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அவரும் வருவதாக இருந்தால் வெங்காயம் உரிக்க ஓர் ஆள் மிச்சம்.

உன் ஆத்தா