அடி வாங்கியவனுக்கும் எச்சரிக்கையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் நம்ம மாவட்டப் பக்கத்தின் அடியில் ஒரு துண்டுச் செய்தி போட்டிருந்தீர்கள். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே முந்திச் செல்வதில் தகராறாம், காரில் வந்தவர் இறங்கிவந்து பைக்கில் வந்தவரை அடித்தாராம், 'இருதரப்பையும் போலீசார் எச்சரித்து அனுப்பினர்' என்று முடித்துவிட்டீர்கள். அடித்தவரை எச்சரித்தார்கள், சரி. அடி வாங்கியவரை எதற்கு எச்சரிப்பது? இனிமேல் முகத்தை ஒழுங்காகக் காட்டு என்றா?

எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்று கேட்டால், அதே மாதிரி எச்சரிக்கையை வேறொரு தகராறில் வாங்கியவன் நான். வடசேரி சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு நானும் மனைவியும் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தோம். வில்லுக்குறி தாண்டியதும் பின்னால் ஒரு கார் ஹாரனை அமுக்கிப் பிடித்தபடியே வந்தது. ஒதுங்கலாம் என்றால் ஓரத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி. (அந்தக் குழியைப் பற்றியும் உங்களுக்கு எழுதியிருந்தேன், வெட்டி வெட்டி ரெண்டு வரியாக்கிப் போட்டீர்கள், குழி என்ற சொல்லாவது தப்பியது.) கார் முந்திப்போய் குறுக்கே நின்றது. இறங்கிய பையன் டிக்கியைத் திறந்து வீல் ஸ்பேனரை எடுத்தான். முதல் அடி ஹெட்லைட்டுக்கு, ரெண்டாவது என் இடது கைக்கு. மரச்சீனிக்கிழங்கும் பழமும் ரோட்டில் உருண்டுபோக, கூடியவர்கள் அதையெல்லாம் பொறுக்கித் தந்தார்கள், நல்லவர்கள்தான். ஆனால் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: "விடுங்க அண்ணாச்சி, பெரிய இடத்துப் பிள்ளை."

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பில் விரிசல். ஸ்டேஷனில் முதல் கேள்வி, "அவருக்குக் கோபம் வர்ற மாதிரி நீங்க என்ன சொன்னீங்க?" என்பதுதான். அப்புறம் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கொடுத்தார்கள், அதாவது புகார் வந்தது என்று எழுதிவைத்ததற்கான சீட்டு, வழக்குப் பதிவு இல்லை. ரெண்டு பேரும் சமாதானமாகிவிட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். வலது கை நல்லாயிருந்ததே.

உங்களுக்குத் தெரியாத சட்டமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் வண்டியைக் குறுக்கே போட்டு மறிப்பதே 126-வது பிரிவில் குற்றம். கையால் அடித்துக் காயப்படுத்தினால் 115. எலும்பு முறிந்தாலோ விரிசல் விட்டாலோ அது கொடுங்காயம், 117-ன்படி ஏழு ஆண்டு வரை சிறை. உயிரைப் பறிக்கக்கூடிய ஆயுதத்தால் அடித்திருந்தால் 118, இன்னும் கடுமை. கொல்லும் எண்ணத்தோடு வண்டியை ஏற்றப் பார்த்தால் கொலை முயற்சி. கன்னாபின்னாவென்று ஓட்டியதற்கு 281-ம் மோட்டார் வாகனச் சட்டம் 184-ம் தனி. இவ்வளவும் இருக்க, என் கைக்குக் கிடைத்தது ஒரு ரசீது. ஹெல்மெட் இல்லை என்றால் மட்டும் ஆயிரம் ரூபாய் அபராதம் மின்னல் வேகத்தில் போனுக்கு வந்துவிடுகிறது.

நம்ம ஊரில் மட்டும்தான் இப்படி என்றும் சொல்ல முடியாது. கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். 1988-ல் பாட்டியாலாவில் ரோட்டில் நடந்த தகராறு, அடிபட்ட 65 வயதுப் பெரியவர் இறந்துபோனார். 2018-ல் உச்ச நீதிமன்றம் சித்துவுக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் போட்டது. குடும்பத்தார் விடாமல் மறுஆய்வுக்குப் போன பிறகுதான் 2022-ல் ஓராண்டு கடுங்காவல். செத்துப்போன மனுஷனுக்கே இவ்வளவு காலம் ஆனது, நமக்கெல்லாம் விரிசல் விட்ட எலும்புதானே.

களியக்காவிளை பக்கம் பாரம் ஏற்றிப் பறக்கும் டாரஸ் லாரிகள், ராத்திரியில் கண்ணைக் குத்தும் ஹைபீம், பள்ளிக்கூட வாசலிலும் அலறும் ஏர்ஹாரன் என்று எழுத ஆரம்பித்தால் உங்கள் பக்கம் போதாது. இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் விட்டுப் பழகிய ரோட்டில்தான் ஸ்பேனர் தூக்குகிறவனுக்கும் தைரியம் வருகிறது.

நான் கேட்பது சின்ன விஷயம். இனி இந்த மாதிரிச் செய்தி போடும்போது எஃப்.ஐ.ஆர். போட்டார்களா, எந்தப் பிரிவில், இல்லை வெறும் சி.எஸ்.ஆர். தானா என்று நிருபரைக் கேட்டு ஒரு வரி சேருங்கள். ஸ்டேஷனில் புகாரை வாங்காவிட்டால் பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவின்படி எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பலாம் என்பதையும் ஓரமாக ஒரு கட்டத்தில் போடுங்கள். எனக்கு அன்றைக்கு அதைச் சொல்ல ஆளில்லை. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இந்தப் பத்தியை விட்டுவிட்டு மற்றதை வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
தக்கலை.