வெர்னி ஜங்ஷனை மூடியது பீச்சிங் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், மூடப்பட்ட ஆங்கிலேய ரயில் நிலையங்கள் பற்றிய கட்டுரையில் ஒரு வரி: 'பீச்சிங்கின் கோடரிக்குப் பலியான இன்னொரு குக்கிராமத்து நிலையம் வெர்னி.' பீச்சிங் என்றால் 1960-களில் பிரிட்டிஷ் ரயில்வே தலைவராக இருந்து, ஏராளமான பாதைகளையும் நிலையங்களையும் மூடச் சொல்லி அறிக்கை கொடுத்தவர். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

பக்கிங்ஹாம்ஷயரில் வெர்னி என்று ஒரு கிராமம் இருந்ததே இல்லை. பிளெட்ச்லியிலிருந்து வந்த பாதை 1850-ல் அங்கே வயல் நடுவில் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று பக்கிங்ஹாம் வழியாக பான்பரிக்கு, மற்றது ஆக்ஸ்ஃபோர்டு பக்கம். 1868-ல் அயில்ஸ்பரி பாதையும் வந்து சேர்ந்த பிறகுதான் ஜங்ஷன் என்று ஒரு நிலையம் எழும்பியது. பெயர் வைக்கப் பக்கத்தில் ஊர் இல்லை. நிலத்துக்குச் சொந்தக்காரர் சர் ஹாரி வெர்னி. அவர் பெயரையே வைத்தார்கள். கட்டுரையாளர் கிளேடன் மாளிகையில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் தங்கிய அறையைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். அந்த மாளிகையின் எஜமானர்தான் இந்த ஹாரி வெர்னி, நைட்டிங்கேலின் அக்காவைக் கட்டியவர் என்று சொல்ல அவருக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

பீச்சிங் விஷயத்துக்கு வருகிறேன். தெற்கே அயில்ஸ்பரி பாதையில் பயணிகள் வண்டி நின்றது 1936 ஜூலையில். அப்போது பீச்சிங்குக்கு வயது 23. பான்பரி வண்டி 1961 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. அவர் ரயில்வே தலைவராக வந்தது அதற்குப் பிறகு. 1964-ல் போன பக்கிங்ஹாம் வண்டியை வேண்டுமானால் அவர் கணக்கில் எழுதுங்கள். ஜங்ஷன் வழியே போன ஆக்ஸ்ஃபோர்டு–கேம்பிரிட்ஜ் பாதை அவர் அறிக்கையின் மூடல் பட்டியலிலேயே கிடையாது. அவர் பதவி விலகிப் போன பிறகு, 1967 கடைசியில், பார்பரா காசில் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது அங்கே பயணிகள் வண்டியை நிறுத்தினார்கள். இத்தனையும் உங்களுக்குத் தெரியாததல்ல. ரயில்வே பற்றி வருடத்துக்கு நான்கு கட்டுரையாவது போடுகிறீர்கள்; ஒவ்வொன்றிலும் அதே கோடரி.

'குக்கிராமத்து நிலையம்' என்ற சொல்தான் எனக்கு அதிகம் வலித்தது. லண்டன் பேக்கர் ஸ்ட்ரீட்டிலிருந்து ஐம்பது மைல் தாண்டி, லண்டன் சுரங்க ரயில் கம்பெனியான மெட்ரோபாலிட்டன் ரயில்வே வந்து முடிந்த இடம் அது. மான்செஸ்டரிலிருந்து லண்டன் வழியாக, கடலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி பாரிஸ் வரை போக நினைத்த அந்தக் கம்பெனித் தலைவர் எட்வர்ட் வாட்கின் 1891-ல் வாங்கிச் சேர்த்த பாதை. 1910 முதல் மேஃப்ளவர், கலாட்டியா என்று இரண்டு புல்மன் சொகுசுப் பெட்டிகள் அந்தப் பாதையில் ஓடின. ஓடுகிற வண்டியிலேயே சாப்பாடு பரிமாறுவார்கள். 1933-ல் லண்டன் போக்குவரத்து வாரியம் கைக்கு வந்தது. அயில்ஸ்பரிக்கு வடக்கே நமக்கென்ன வேலை என்று மூன்றே வருடத்தில் கைகழுவிவிட்டார்கள்.

இதையெல்லாம் நான் முதலில் புத்தகத்தில் படிக்கவில்லை. 1995 முதல் வின்ஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்த்தேன். பிளெட்ச்லியிலிருந்து சைக்கிளில் போவேன், இரவு நேரத்தில் பஸ் கிடையாது. ஏழெட்டு மைல், ஆக்ஸ்ஃபோர்டு தண்டவாளம் பக்கத்திலேயே துருப்பிடித்துக் கிடக்கும். மழையில் நனைந்துகொண்டு அதைப் பார்த்தபடி மிதித்தவளிடம் 'பயணிகள் இல்லாததால் மூடப்பட்டது' என்று எழுதிக் காட்டாதீர்கள். அந்த இல்லத்தில் இருந்த பெரியவர் ஒருவர் பதினெட்டு வயதில் வெர்னி ஜங்ஷனில் போர்ட்டராக இருந்தவர். யாராவது 'வெர்னி ஊரில்' என்று பேச்செடுத்தால் உடனே கையை உயர்த்துவார்: "ஊர் இல்லை, ஜங்ஷன்." ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்காகவே அங்கே போய்ப் பார்த்து வந்தேன். தண்டவாளத்துக்கு நடுவில் பிர்ச் மரம் என் இடுப்பளவு தடிமனில் நின்றது. நடைமேடையின் விளிம்புக் கற்கள் மட்டும் வரிசை கலையாமல் இருந்தன. திரும்பி வந்து சொன்னபோது அவர் மரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எந்த நடைமேடை என்றுதான் கேட்டார்.

அவர் எனக்குக் கொடுத்த புகைப்படத்தைத்தான், இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் வாசகர்களிடம் பழைய படங்கள் கேட்டபோது அனுப்பிவைத்தேன். கூடவே நாலு பக்கக் கடிதமும் எழுதினேன். கடிதத்தில் நாலு வரி வந்தது, அதுவும் என் ஊரை பெட்ஃபோர்டு என்று போட்டு. அப்போது நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது அதே படத்தை இந்தக் கட்டுரைக்கு நடுவில் வைத்து, 'ஆக்ஸ்ஃபோர்டு செல்லும் ரயில், 1960-கள்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். படத்தின் பின்பக்கம் அவர் கையாலேயே பென்சிலில் எழுதியிருக்கிறது: 'பேக்கர் ஸ்ட்ரீட் வண்டி, 1934'. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்கும் பையன் அவர்தான். உங்கள் அலுவலகத்தில் அதை ஒருவர்கூடத் திருப்பிப் பார்க்கவில்லையா?

இப்போது அந்த ஆக்ஸ்ஃபோர்டு பாதையில் புதுத் தண்டவாளம் போட்டாகிவிட்டது. வின்ஸ்லோவில் நிலையமும் கட்டியிருக்கிறார்கள். வெர்னி ஜங்ஷனில் இல்லை. அதற்கு நீங்கள் பொறுப்பல்ல.

அடுத்த இதழில் படத்தின் விவரத்தை மட்டும் திருத்திப் போடுங்கள். படத்தை எனக்குப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புங்கள். தபால் செலவை நான் கொடுத்துவிடுகிறேன். முகவரி பழைய கடிதத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
இருபத்தாறு வருடச் சந்தாதாரர்,
பிளெட்ச்லி (பெட்ஃபோர்டு அல்ல)