வின்னிபெக்கில் கோல் காக்கும் மச்சானுக்கு

செந்தூல், கோலாலம்பூர்
டிசம்பர் 14

அன்பு மச்சான்,

உன் கடிதத்தை மாமாக் கடையில் உட்கார்ந்துதான் வாசித்தேன். மதியம் மூன்று மணி. வரலாமா வேண்டாமா என்று மழை யோசித்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் காற்றாடி சுற்றியும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த நிலையில், "காலில் உணர்ச்சியே இல்லைடா, விரலெல்லாம் இருக்கிறதா என்று வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தேன்" என்று நீ எழுதியதைப் படித்தால் ஒரு மனிதன் என்ன செய்வான்? சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். மன்னித்துவிடு.

52 வயதில், கனடாவின் வின்னிபெக்கில், திறந்தவெளிப் பனித்தள ரிங்கில், ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர்! காரணம் கேட்டால் "வேறு யாரும் நிற்க மாட்டேன் என்றார்கள்" என்கிறாய். நாலாம் படிவத்தில் ஈப்போ திடலில் உன்னை ஹாக்கி கோலில் நிறுத்தியதும் இதே காரணத்துக்குத்தான். ஓடத் தெரியாதவனுக்கு எந்த ஊரிலும் கோல்தான். அனுப்பிய படம் அருமை. மீசையில் பனி உறைந்து, பத்துமலைக்குப் போய்விட்டு வந்த சாமியார் மாதிரி இருக்கிறாய்.

சரி, குளிரில் கோலில் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று நீ கேட்டதற்கு வருகிறேன். எட்மன்டனில் நான் ஐந்து குளிர்காலம் கோலில் நின்றவன். முதல் குளிர்காலத்தில் உன்னைப் போலத்தான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன்.

நீ குளிரைத் திட்டி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். திட்ட வேண்டியது வேர்வையை. மற்ற ஆட்டக்காரர்களைக் கவனி. ஒரு நிமிடம் வேகமாக ஓடுகிறார்கள், வெளியே வந்து பெஞ்சில் உட்காருகிறார்கள், மறுபடி ஓடுகிறார்கள். அவர்கள் உடம்பு அடுப்பு மாதிரி எரிந்துகொண்டே இருக்கும். உனக்கு அப்படியா? பந்து, அதாவது பக் என்ற அந்த ரப்பர் வட்டு, உன் பக்கம் வந்தால் இரண்டு நிமிடம் விழுந்து எழுந்து புரண்டு சட்டை நனைகிறது. பிறகு அது அந்தக் கோடிக்குப் போய்விடும். நீ நனைந்த சட்டையோடு பத்து நிமிடம் சும்மா நிற்பாய். காற்று அந்த ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். கோல்கீப்பரின் குளிர் காத்திருப்பவனின் குளிர்.

அதனால் முதல் வேலை, உள்ளே போட்டிருக்கும் அந்தப் பருத்தி பனியனைத் தூக்கி எறி. அம்மா தைத்துக் கொடுத்ததாக இருந்தாலும் சரி. பருத்தி வேர்வையைக் குடித்துவிட்டு விடவே விடாது. உடம்போடு ஒட்டி நிற்க வேண்டியது மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளி, இல்லாவிட்டால் ஓட்டக்காரர்கள் போடும் பாலியெஸ்டர். மெரினோ நனைந்தாலும் கொஞ்சம் சூடு தரும், நாற்றமும் குறைவு. அதற்கு மேல் ஒரே ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை போதும். மூன்று நான்கு சட்டை அடுக்காதே. உன் நெஞ்சுப் பாதுகாப்பும் காலில் கட்டும் பேட்களும் தலையணை கனத்துக்கு இருக்கின்றன. அவையே பெரிய போர்வை.

இன்னொன்று, யாரும் எனக்குச் சொல்லித் தராமல் நானே பட்டுத் தெரிந்துகொண்டது. ரிங்குக்குப் பக்கத்தில் ஹீட்டர் போட்ட குடிசை ஒன்று இருக்கும் இல்லையா, அதற்குள் முழு வேடமும் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அரட்டை அடிக்காதே. 20 கிலோ சாமானைக் கட்டிக்கொண்டு சூட்டில் உட்கார்ந்தால் ஐஸில் கால் வைக்கும் முன்பே நீ நனைந்துவிட்டாய். ஸ்கேட்டை, அதாவது ஐஸில் வழுக்கும் காலணியை, மட்டும் குடிசைக்குள் மாட்டிக்கொள். மேல் சாமானை எல்லோரும் கிளம்பும்போது கடைசியாக மாட்டு. வெளியே வரும்போது லேசாகக் குளிர வேண்டும். அதுதான் சரியான அளவு.

காலுக்கு வருகிறேன், உன் பெரிய புகார் அதுதானே. எத்தனை சாக்ஸ் போட்டாய்? எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். இரண்டு, தடித்தது. நானும் அதையே செய்தேன். மச்சான், ஸ்கேட் என்பது அளவாகச் செய்த பெட்டி. அதற்குள் தடித்த சாக்ஸைத் திணித்தால் கால் நசுங்கும், ரத்தம் விரல் நுனிவரை போகாது. ரத்தம் போகாத இடத்தில் எந்தக் கம்பளியும் சூட்டை உண்டாக்காது. ஒரே ஒரு மெல்லிய கம்பளி சாக்ஸ் போடு. கயிற்றை இறுக்கிக் கட்டாதே, உள்ளே விரலை ஆட்ட முடிய வேண்டும். கோலில் சும்மா நிற்கும்போதெல்லாம் பியானோ வாசிக்கிற மாதிரி விரலை ஆட்டிக்கொண்டே இரு. ஸ்கேட்டை ராத்திரி காரின் பின்பெட்டியில் விட்டுவிடாதே. உறைந்த ஸ்கேட்டுக்குள் காலை நுழைப்பது ஐஸ் பெட்டிக்குள் காலை விடுவதற்குச் சமம்.

அந்த ஊர்க் கிழவர்கள் ரொட்டி சுற்றி வரும் பிளாஸ்டிக் பையைச் சாக்ஸுக்கு மேல் மாட்டிக்கொள்வார்கள். காற்றைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் உன் கால் வேர்க்கும் கால் என்றால் பை வேண்டாம். உள்ளேயே குளம் கட்டிவிடும்.

உதறினால் சூடாகும் சின்னப் பொட்டலங்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதற்குள் இரும்புத் தூள்தான். காற்று பட்டதும் துருப்பிடிக்கிறது, துருப்பிடிக்கும்போது வரும் சூடுதான் உனக்குக் கிடைக்கிறது. இறுக்கிய ஸ்கேட்டுக்குள் காற்று எங்கே? கைக்கு விற்கும் பொட்டலத்தைக் காலில் வைத்தால் பாதியில் அணைந்துவிடும். விரலுக்கென்றே தனியாக, குறைந்த காற்றிலும் வேலை செய்யும்படி செய்து விற்கிறார்கள், அதை வாங்கு. தோலில் நேராக ஒட்டாதே, சாக்ஸுக்கு மேல் ஒட்டு. கைக்கான பொட்டலத்தை மணிக்கட்டின் உள்பக்கம் வை. கையுறைக்குள் மெல்லிய கம்பளிக் கையுறை ஒன்று. தடித்ததைப் போட்டால் பக்கைப் பிடிப்பது தெரியாமல் போய்விடும். குளிரில் பக் கல் மாதிரி இறுகும் என்பது உன் தோள்பட்டைக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

தலைக்கு ஒரு கதை சொல்கிறேன். 2003 நவம்பர் 22, எட்மன்டன் காமன்வெல்த் அரங்கம். உள்ளூர் அணி ஆயிலர்ஸுக்கும் மொன்ட்ரியல் கனடியன்ஸுக்கும் திறந்தவெளியில் என்ஹெச்எல், அதாவது வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக் ஆட்டம். மைனஸ் 18, காற்று வேறு. 57,000-க்கும் மேல் கூட்டம். எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, அறையில் ஐந்து பேர் போர்வைக்குள் உட்கார்ந்து டிவியில் பார்த்தோம். மொன்ட்ரியல் கோல்கீப்பர் ஜோசே தியோடோர், முகமூடிக்கு மேல் கம்பளிக் குல்லாயை மாட்டிக்கொண்டு வந்தார்! உச்சியில் பஞ்சுக் குஞ்சம் வேறு. அந்த ஊரே அவருக்கு எதிராகக் கத்தியது, ஆனால் அந்தக் குல்லாயைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். மொன்ட்ரியல் 4–3 என்று ஜெயித்தது. மறுவாரமே நான் எட்டு டாலருக்கு ஒரு குல்லாய் வாங்கி என் முகமூடி மேல் மாட்டினேன். அழகாக இல்லைதான். ஆனால் முகமூடியின் காற்று ஓட்டைகள் வழியாக மண்டைக்குள் இறங்கும் குளிர் நின்றது. உள்ளே மெல்லிய முகத்துணி ஒன்றும் போடு. கழுத்து மூடியிருக்க வேண்டும்.

தண்ணீர் பாட்டிலைக் கோல் வலைமேல் வைத்தால் உறைந்துபோகும். வெதுவெதுப்பான நீரை ஊற்றி வை. முதல் ஆட்டத்தில் நான் பாட்டிலைக் கவிழ்த்தேன், ஒரு சொட்டு வரவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கிளம்பும் முன் கோப்பியை மட்டும் குறைத்துக்கொள். குளிரில் உடம்பு சும்மாவே அடிக்கடி கழிவறைக்குப் போகச் சொல்லும், அத்தனை சாமானையும் கழற்றுவதற்கு 15 நிமிடம் ஆகும். அனுபவத்தில் சொல்கிறேன், மேலே கேட்காதே. யாராவது விஸ்கி நீட்டினாலும் ஆட்டம் முடியும்வரை வேண்டாம். தோலுக்கு ரத்தம் ஏறுவதால் சூடாக இருப்பதுபோல் தெரியும், உள்சூடு வெளியேறிக்கொண்டிருக்கும்.

இனி, நீ அங்கே என்ன செய்கிறாய் என்று யோசித்தேன். பக் அந்தப் பக்கம் போனதும் கைகட்டி நின்று ஆட்டத்தை வேடிக்கை பார்க்கிறாய், அப்படித்தானே? நிற்காதே. கோல் கம்பத்திலிருந்து கம்பத்துக்கு வழுக்கிப் போ, வா. மூலைவரை போய்த் திரும்பு. முழங்காலில் விழுந்து எழு. கையைப் பெரிய வட்டமாகச் சுற்று, ரத்தம் விரலுக்கு இறங்கும். காற்று ஒரே பக்கமாக வீசினால் பாதி ஆட்டத்தில் பக்கம் மாற்றச் சொல். என்ஹெச்எல்லே திறந்தவெளி ஆட்டத்தில் கடைசிக் கட்டத்தின் நடுவில் பக்கம் மாறியிருக்கிறது, உனக்கு என்ன வெட்கம்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. விரல் வலிக்கும்வரை பரவாயில்லை. வலி நின்று மரத்துப்போய், வெள்ளையாகவோ மெழுகுபோலவோ தெரிந்தால் ஆட்டத்தை விட்டு உள்ளே போ. என் இரண்டாம் குளிர்காலத்தில் இடது கட்டை விரல் அப்படி ஆனது. தேய்த்துவிட்டால் சரியாகும் என்று ஒருவர் பனியை அள்ளி வந்தார். நல்லவேளை, இன்னொருவர் தடுத்தார். தேய்க்கக் கூடாது, சூட்டடுப்பில் காட்டக் கூடாது, மரத்த விரலுக்குச் சூடு தெரியாததால் வெந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் வைத்தார்கள். உணர்ச்சி திரும்பும்போது வந்த வலிக்கு நான் அழுதேன், மறைக்க வேண்டியதில்லை. இன்றும் ஏசி ரூமில் அந்த விரல் மட்டும் முதலில் சில்லிடும்.

இங்கே விசேஷம் பெரிதாக இல்லை. சனிக்கிழமைகளில் சன்வே பிரமிட் பேரங்காடிக்குள் இருக்கும் ஐஸ் ரிங்கில் இன்னமும் நிற்கிறேன். எல்லாரும் பாதி வயசுப் பிள்ளைகள், என்னை "அங்கிள்" என்று கூப்பிட்டுக்கொண்டே கோல் அடிக்கிறார்கள். மகன் பந்து என்றாலே கால்பந்து என்கிறான். 2017 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டில் நம் ஊரிலேயே ஐஸ் ஹாக்கி நடந்து பிலிப்பைன்ஸ் தங்கம் வாங்கியது என்று சொன்னால், "அப்பா, பனியே இல்லாத ஊரா?" என்று கேட்கிறான். பனியே இல்லாத ஊரில்தான் அவன் அப்பனும் கோலில் நிற்கிறான். ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் கண்ணாடி மூடுபனி பிடித்து ஒன்றும் தெரியாது. சூட்டில் அசையாமல் ஒரு நிமிடம் நிற்பேன். அப்போதெல்லாம் எட்மன்டன் ஞாபகம் வரும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே. உன்னை விசாரித்தார், "பனியில் நின்றால் சளி பிடிக்கும், மிளகு ரசம் வைத்துக் குடிக்கச் சொல்" என்றார்.

என் மருமகள் ஜனவரியில் அங்கே வருகிறாள். என் பழைய மெரினோ சட்டை இரண்டு, உள்கையுறை ஒரு ஜோடி, அந்த எட்டு டாலர் குல்லாய் மூன்றையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். சட்டையை வெந்நீரில் துவைத்து உலர்த்தும் மெஷினில் போட்டுவிடாதே, சுருங்கி உன் பேரனுக்குத்தான் ஆகும். குல்லாயின் குஞ்சம் அறுந்துபோயிருக்கிறது. தைத்துக்கொள்.

அன்புடன்,
உன் பழைய மச்சான்