மங்காராய் ரயில் நிலையத்தில் வழி சொன்ன பெரியவருக்கு நன்றி

ஐயா, ஜகார்த்தாவிலிருந்து போகோர் நகருக்கு ரயிலில் போக வழி கேட்டபோது நின்று விளக்கினீர்கள்; பெயர் கேட்க மறந்தோம். மிக்க நன்றி.

வருகிற முதல் வண்டியில் ஏறக்கூடாது என்றது பெரிய உதவி. சில வண்டிகள் இடையிலுள்ள டெப்போக் நிலையத்தோடு நின்றுவிடும், சில சித்தாயம் நிலையத்தில் பிரிந்து நம்போவுக்குப் போகும். முகப்பில் ‘போகோர்’ என்று பார்த்தே ஏற வேண்டும். பயண அட்டையை வெளியேறும்போதும் தட்ட வேண்டும்; இருப்பு குறைந்தால் வாயில் திறக்காது.

போகோர் சலாக் மலையடிவாரம் என்பதால் பிற்பகலில் இடிமழை வழக்கம். 1817இல் தொடங்கிய அங்குள்ள தாவரவியல் பூங்கா 80 ஹெக்டேருக்கும் மேல். காலையிலேயே நுழைந்தால்தான் நிதானமாக நடக்கலாம். மழை பிடித்தால் பழைய மரங்களடியில் ஒதுங்காதீர்கள், கிளை முறியும் என்றீர்களே, குடையைவிட உபயோகமான யோசனை அது! உள்ளே தெரியும் வெள்ளை அரண்மனையைக் குளத்துக்கு இப்பால் நின்றே பார்த்துக்கொள்ளலாம்.