பெட்டியில் திரும்பி வந்த படம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். கோடை மழை பிடித்துக்கொண்டதில் கோத்தகிரி முழுக்கக் குளிர். அப்பாவுக்கு இருமல் இருக்கிறது, கஷாயம் வைத்துக் கொடுக்கிறேன். நீ ராத்திரியில் கார் ஓட்டாதே. போனில் சொல்ல நினைத்தால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்கிறாய், நானும் "சரி, அப்புறம் பேசு" என்று வைத்துவிடுகிறேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சித்தப்பா மகன் காரில் நீ பெங்களூரிலிருந்து கொடுத்தனுப்பிய அட்டைப்பெட்டி ஞாயிறு சாயங்காலம் வந்து சேர்ந்தது. பழைய குக்கர், இரண்டு போர்வை, உன் காலேஜ் புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் அடியில் அம்பேத்கர் படம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வளைவுகளில் குக்கர் இடித்திருக்க வேண்டும், கண்ணாடி குறுக்கே விரிந்திருந்தது. அதைப் பெரிதாக நினைக்காதே, கண்ணாடி மாற்றிக்கொள்ளலாம். "இங்க மாட்ட இடமில்லம்மா, நீயே வச்சுக்கோ" என்று சீட்டும் வைத்திருந்தாய். சரி. பால் காய்ச்சிய அன்று நீ அனுப்பிய போட்டோக்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஹாலில் சோபாவுக்கு மேலே உள்ள சுவர் நல்ல நீளம்.

அந்தப் பெண்ணின் அப்பா அம்மா வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னாயே, நன்றாகப் பேசினார்களா? சாப்பிட்டுத்தான் போனார்களா? நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர்கள் என்று நீ சொன்னால் எனக்கும் அப்பாவுக்கும் சந்தோஷம்தான். இந்த வயதில் சொந்தமாக ஃப்ளாட் வாங்கிய பிள்ளை நம் வகையறாவில் நீதான். அதை யாரிடம் சொன்னாலும் எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது.

அம்பேத்கர் பிறந்த நாளைச் சமத்துவ நாளாகக் கொண்டாட, பள்ளியில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ஏப்ரல் 14 விடுமுறை என்பதால் வெள்ளிக்கிழமையே உறுதிமொழி எடுத்துவிட்டார்கள். ரிட்டயர் ஆன டீச்சரை ஞாபகம் வைத்துக் கூப்பிட்டதே பெரிது. 1927-இல் மகாராஷ்டிராவின் மகாடு ஊரில், தாழ்த்தப்பட்டவர்களைத் தொடவிடாத பொதுக்குளத்தில் இறங்கி அவர் தண்ணீர் அள்ளிக் குடித்ததைச் சொன்னேன். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். குடத்தோடு வரிசையில் நிற்கிற வீட்டுப் பிள்ளைகள், தண்ணீர் என்றால் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிறகு பாரத ரத்னா. 1990-இல் கொடுத்தார்கள் என்றதும் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "செத்துப்போனவருக்கு எப்படி டீச்சர் மெடல் குடுப்பாங்க?" என்றான். நல்ல கேள்வி. அவர் துணைவியார் சவிதா அம்பேத்கர் குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் போய், ஆர். வெங்கட்ராமன் கையால் வாங்கிக்கொண்டார் என்று சொன்னேன். கரும்பலகையில் பதக்கத்தை வரைந்து காட்டினேன். வெண்கலத்தில் அரச இலை, நடுவில் சூரியன். அந்தப் பையன் உட்காரவில்லை. "அவருக்குத் தெரியாதுல்ல டீச்சர்?" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. மணி அடித்துவிட்டார்கள்.

உன் தாத்தா இதை வேறு மாதிரி கேட்பார். விரல் மடக்கி எண்ணுவார். சாஸ்திரி 1966 ஜனவரியில் இறந்தார், அந்த வருஷமே கொடுத்தார்கள். இறந்தவருக்கு பாரத ரத்னா கொடுத்தது அதுதான் முதல். காமராஜர் 1975-இல் போனார், 1976-இல் கொடுத்தார்கள். எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் போனார், 1988-இல் கொடுத்தார்கள். பாபாசாகேப் அம்பேத்கர் 1956 டிசம்பர் 6-இல் போனவர், அவருக்கு 34 வருஷம். சாஸ்திரி மேல் தாத்தாவுக்குக் கோபம் கிடையாது. ஆனால் 1964-இல் அவரும் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் போட்ட கையெழுத்தில், இந்தியா ஏற்றுக்கொள்வதாகச் சொன்ன 5,25,000 பேரில் நாங்களும் சேர்ந்தோம். எட்டு வயதில் ராமானுஜம் கப்பலில் தாத்தாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு நேற்றுபோல் இருக்கிறது. அந்தக் கோட்டு உனக்கும் தெரியும்.

ராத்திரியில் கார் ஓட்டாதே என்று முதலிலேயே எழுதிவிட்டேனா? பரவாயில்லை. ஓசூர் ரோட்டில் லாரிகள் அப்படிப் போகின்றன.

கண்ணாடியை மாற்றுவதற்காக நேற்று படத்தின் பின்பக்க அட்டையைக் கழற்றினேன். துருப்பிடித்த சின்ன ஆணிகள், கத்தி முனையால் நெம்பித்தான் எடுக்க முடிந்தது. அட்டைக்கும் படத்துக்கும் நடுவில் ஓர் இலை. அரச இலை. பச்சை முழுக்கப் போய் நரம்பு மட்டும் வலைபோல் நிற்கிறது. வால்போல் நீளும் அந்த நுனிகூட முறியவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் என் விரல் ரேகை அந்தப் பக்கம் தெரிந்தது. நம் குளிரில் அரச மரம் ஏது? தாத்தாதான் கீழே மேட்டுப்பாளையத்துக்குப் போய்ப் பறித்து வந்து வைத்திருக்கிறார். எதற்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவர் சொல்ல வந்ததைக் கேட்க நான்தான் இடம் கொடுக்கவில்லை.

மகனே, அந்தப் படம் எப்போதும் நம் ஹாலில் இருந்தது என்றுதான் நீ நினைத்திருப்பாய். இல்லை. உனக்குப் பத்து வயதில்தான் அதை மாட்டினேன்.

1990 ஏப்ரல் 14. சித்திரை ஒன்றாம் தேதி, சனிக்கிழமை. நீ பிறக்கவில்லை. எனக்கு வேலை கிடைத்து இரண்டு வருஷம். கோத்தகிரியில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்கார அம்மாவிடம் நாங்கள் யார் என்று சொல்லவில்லை. அவராக ஒன்று நினைத்துக்கொண்டார், நான் மறுக்கவில்லை. அன்று காலை தாத்தா டேன்டீ அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார். அதே கோட்டு, கழுத்தில் மப்ளர், செருப்பெல்லாம் செம்மண். ஒரு கையில் மஞ்சள் பை, இன்னொரு கையில் நியூஸ் பேப்பர் சுற்றிய படம். முகம் அப்படி மலர்ந்திருந்தது. வீட்டுக்கார அம்மா வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "யாரும்மா இவரு?" என்றார்.

"ஊர்ப்பக்கம் தெரிஞ்சவரு" என்றேன்.

தாத்தாவுக்குக் கேட்டது. என் முகத்தைப் பார்த்தார். பையையும் படத்தையும் படியில் வைத்துவிட்டு, "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாய் டீ குடிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஏறும் அந்த மேட்டில் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

பைக்குள் ஒரு பொட்டலம் ஜிலேபி, நான்காக மடித்த ஒரு தாள். அன்று சாயங்காலம் லைனில் நடக்கும் கூட்டத்தில் பேச எழுதியிருந்தார், நான் திருத்தித் தர வேண்டும் என்று கொண்டுவந்திருக்கிறார். 'பாபாசாகேப் பிறந்த அதே 1891-இல் நம் ஊட்டியில் அயோத்திதாசப் பண்டிதர் மாநாடு கூட்டினார். இந்த மலையில் கணக்கெழுதிப் பிழைத்த இரட்டைமலை சீனிவாசன், லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் பாபாசாகேப்புடன் போனார். ஆகையால் இந்தப் பட்டம் நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல' என்று இருந்தது. ஒரு பிழைகூட இல்லை. தாள் இல்லாமலேயே அன்று பேசினாராம், உன் மாமா பிறகு சொன்னார்.

இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 12-இல், நாடாளுமன்ற மைய மண்டபத்தில் பாபாசாகேப் படத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் என் வீட்டுப் படத்தை ட்ரங்குப் பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். சொந்த வீட்டுக்கு வந்த பிறகும் எடுக்கவில்லை. இன்று மாட்டலாம், நாளை மாட்டலாம் என்று தள்ளிப்போட்டேன். தாத்தா வருவார், ஹால் சுவரில் காலண்டரைப் பார்ப்பார், உன்னை மடியில் வைத்துக்கொள்வார், ஒரு வார்த்தை கேட்கமாட்டார். 2003-இல் அவர் போனார். பதினாறாம் நாளுக்கு முந்தின ராத்திரி ஸ்டூல் போட்டு ஏறி நானே ஆணி அடித்து மாட்டினேன். பதின்மூன்று வருஷம். அந்தப் பையன் கேட்டதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவருக்குத் தெரியாது அல்லவா?

இதை உன் அப்பாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

என் சாதிச் சான்றிதழுக்காக, சிலோனிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி அலையவிட்டார்கள், தாத்தா மூன்று வருஷம் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு நடந்தார். அந்தத் தாள்தான் என்னை டீச்சராக்கியது, உன்னை அந்தக் காலேஜில் சேர்த்தது. இது உனக்குத் தெரியாததில்லை. எழுதும்போதே கை கடினமாகிறது, உன்னைக் குத்திக் காட்டுகிறேன் என்று நினைக்காதே. குத்திக் காட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நீ எந்தச் சுவரில் எதை மாட்டுவாய் என்பது உன் இஷ்டம். ஆனால் அந்தப் பெண்ணிடம் மட்டுமாவது சொல்லிவிடு, கண்ணு. சொல்லாமல் இருப்பது முதல் நாள் சுலபமாக இருக்கும், அப்புறம் ஒவ்வொரு நாளும் அதைக் காவல் காக்க வேண்டும்.

கண்ணாடிக் கடையில் படத்தைக் கொடுத்திருக்கிறேன். இலையை இருந்த இடத்திலேயே வைத்து ஆணி அடிக்கச் சொன்னேன், தம்பி பொறுமையான ஆள், சரி என்றார்.

சித்திரை பிறந்த மறுநாள் காலை பஸ்ஸில் வருகிறேன். பந்திப்பூர் காட்டில் ராத்திரி விடமாட்டார்கள், அதனால் பகலில்தான் வர வேண்டும். உனக்கு வர்க்கியும் அப்பா சேர்த்து வைத்த டீத்தூளும் எடுத்து வருகிறேன். படத்தையும் எடுத்து வருவேன், திரும்பி வரும்போது என்னோடே கொண்டுவந்துவிடவும் எனக்குச் சம்மதம். நான் வரும் நேரத்தில் அவர்கள் யாராவது வீட்டில் இருக்கிறார்கள் என்றால் முன்கூட்டியே சொல், நான் வேறு நாளில் வருகிறேன். இல்லை, அப்படிச் சொல்லாதே. அவர்கள் இருந்தாலும் நான் வருவேன். சாட்டிலைட் பஸ் ஸ்டாண்டுக்கு ஆளை அனுப்பாமல் நீயே வா. ராத்திரியாகிவிட்டால் காரை எடுக்காதே, ஆட்டோவில் போய்க்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அம்மா